முழங்கை மடிப்பு

அந்த சோப்புத் தொழிற்சாலையில் இரண்டு மூக்குகளுக்குத் தனியாகச் சம்பளம் உண்டு. ஒன்று பெரியமூக்கு, இன்னொன்று சின்னமூக்கு. அளவைப் பார்த்து வைத்த பெயர்கள் அல்ல. அளவைப் பார்த்திருந்தால் பெயர்கள் இடம் மாறியிருக்கும். பெரியமூக்கு பன்னிரண்டு வருடமாக வாசனை அறையில் வேலை பார்ப்பவள். சின்னமூக்கு வந்து இரண்டே வருடம் ஆனவள். பெயர் வைத்தது பொட்டலம் கட்டும் பகுதிக்காரர்கள். அவர்களுக்கு வேறு வேலை என்ன?

சோப்பில் சேர்க்கப் போகும் ஒவ்வொரு கலவையும் முதலில் அந்த அறைக்கு வரும். வெள்ளை மேசை, வெள்ளைச் சுவர், காற்றை வெளியே தள்ளும் விசிறி. மேசைமேல் மூன்று காகிதப் பட்டைகளை வைப்பார்கள். இரண்டு பட்டைகளில் பழைய கலவை, ஒன்றில் புதியது. மூன்றும் ஒன்றுபோல் மணந்தால் புதிய கலவை தேறிவிட்டது. ஒன்று மட்டும் விலகி நின்றால் அது திரும்பிப் போகும். நடுவில் மேலாளர் வேண்டுமென்றே ஒரு துளியைக் கூட்டியோ குறைத்தோ ஒரு பட்டையை அனுப்பி வைப்பார். அதற்குக் கண்ணி என்று பெயர். கண்ணியைப் பிடிக்காத மூக்குக்கு மதிப்பெண் குறையும்.

நாலைந்து பட்டைகளுக்கு மேல் முகர்ந்தால் எந்த மூக்கும் மரத்துப் போகும். அப்போது கையை மடக்கி, முழங்கையின் உள்மடிப்பில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுப்பார்கள். சொந்தத் தோலின் வாசனை மூக்குக்கு வீடு மாதிரி. வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்ததுபோல மூக்கு தெளிந்துவிடும். அதனால்தான் இருவரும் வேலை நாட்களில் பவுடர் பூசக் கூடாது, தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது, துணியைக்கூட மணமில்லாத தூளில்தான் துவைக்க வேண்டும். ஊருக்கெல்லாம் மணக்க மணக்க சோப்பு அனுப்பிவிட்டு, இவர்கள் இருவரும் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வருவார்கள்.

பெரியமூக்குக்கு ஒரு ரகசியம் இருந்தது. போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் போகும்போது அவள் மூக்கில் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பூ வாசனை வரும், பழ வாசனை வரும், மர வாசனை மட்டும் வராது. முக்கியமாக தேவதாரு. தேவதாருத் தைலத்தைக் குடத்தோடு கவிழ்த்தாலும் அவளுக்குத் தண்ணீர்தான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட, “சளி இன்னும் முழுசா விடல” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கைநழுவின.

மேலாளருக்குத் தொழிற்சாலையில் தராசு என்று பெயர். எதைக் கேட்டாலும் “ஒரு பக்கம் பார்த்தா” என்று ஆரம்பித்து “இன்னொரு பக்கம் பார்த்தா” என்று முடிப்பார். கேட்டவர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நிற்பார். அவர் ஒருநாள் இரண்டு மூக்குகளையும் அறைக்கு அழைத்தார்.

“மெஷின் ஒண்ணு வருது. ஒரு பக்கம் பார்த்தா உங்க வேலை சுலபமாகும். இன்னொரு பக்கம் பார்த்தா, அதுக்கப்புறம் ஒரு ஆள் போதும். ரெண்டு பேர் மார்க்கையும் பார்த்துக்கிட்டு வரேன். வருஷக் கடைசியில யாருக்குக் குறைவோ அவங்கள அனுப்ப வேண்டியிருக்கும்.”

வெளியே வந்ததும் பெரியமூக்கு வீட்டு வரவைக் கணக்குப் போட்டாள். கணவர் ஓட்டிக்கொண்டிருந்த சரக்கு வண்டியை முதுகுவலியால் விட்டுவிட்டார். இப்போது ஒரு கிடங்கில் அரை நாள் காவல் வேலை. மகள் ஐந்தாம் வகுப்பு. வீடு ஓடுவது பாதி மூக்கில்தான்.

ஆனால் அதற்கடுத்த வாரங்களில் ஒரு அதிசயம் நடந்தது. சின்னமூக்கு பெரியமூக்கைவிட மோசமாகிப் போனாள். மல்லிகைப் பட்டையை எடுத்தாலே முகம் வெளுத்து, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். குழந்தைகூடச் சொல்லிவிடும் வித்தியாசங்களைத் தவறவிட்டாள். மடிப்பில் மூக்கை வைத்துவிட்டு, வெறுப்போடு எடுத்துக்கொள்வாள்.

“என் கையே வேற யாரோட கை மாதிரியோ நாறுது அக்கா. வீட்டுக்குப் போனா பூட்டு மாத்தியிருக்கிற மாதிரி இருக்கு” என்றாள் ஒருநாள்.

“உடம்பப் பாத்துக்கோம்மா” என்று பெரியமூக்கு வாயால் சொன்னாள். உள்ளுக்குள் ஆனந்தக் கூத்து. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மகளுக்கு வண்ணப் பென்சில் பெட்டி ஒன்று வாங்கினாள். அவசியமே இல்லாத பெட்டி.

கூத்து அதிக நாள் நீடிக்கவில்லை. தராசு மறுபடி இருவரையும் அழைத்தார். இந்த முறை சின்னமூக்கை உட்காரச் சொன்னார். பெரியமூக்கு நின்றாள்.

“இவங்க மாசமா இருக்காங்க. டாக்டர் சீட்டு கொடுத்திருக்காங்க. சட்டப்படி இப்ப இவங்கள வேலைய விட்டு எடுக்க முடியாது. மார்க்கையும் கணக்குல சேர்க்க முடியாது. ஒரு பக்கம் பார்த்தா ரொம்ப நல்ல செய்தி.”

“இன்னொரு பக்கம் சார்?” என்றாள் பெரியமூக்கு.

தராசு பேனாவை மூடினார், திறந்தார். அதுவே பதில். இரண்டு பேரில் ஒருவரைத் தொட முடியாது என்றால் மிச்சம் யார் என்று கண்டுபிடிக்க மூன்று பட்டைகள் தேவையில்லை.

பொறாமையில் பல ரகம் உண்டு. பக்கத்து வீட்டில் புது வண்டி வந்தால் வருவது ஒரு ரகம். இரண்டு நாளில் ஆறிவிடும். பெரியமூக்குக்கு வந்தது வேறு. கண்ணைத் திறந்தால் எரிச்சல், மூடினால் அதைவிட எரிச்சல். தன்னைவிட மோசமாக வேலை செய்கிற ஒருத்தி, வேலை செய்யாததற்காகவே பாதுகாக்கப்படுகிறாள். சின்னமூக்கின் நாற்காலிக்கு மெத்தை வந்தது. உணவுக்கூடத்துக்காரம்மா தினமும் அவளுக்கென்று தனியாக ஒரு கிண்ணம் எடுத்து வைத்தாள். குமட்டலுக்கு எலுமிச்சை நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து ஆளுக்கு ஒரு பழம் கொண்டு வந்து கொடுத்தார்கள். எந்நேரமும் கைப்பையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடுதான் சின்னமூக்கு நடமாடினாள். தராசுகூட ஒன்று கொண்டுவந்தார். தராசு! சொந்த மேசையில் கிடக்கும் குண்டூசியைக்கூட ரசீது கேட்காமல் தராத மனிதர்.

‘நானும்தான் பெத்தேன்’ என்று பெரியமூக்கு மனதுக்குள் கறுவினாள். ‘எட்டு மாசம் வரைக்கும் நின்னுக்கிட்டே பட்டை பிடிச்சேன். எனக்கு யார் மெத்தை போட்டா?’ அப்போது அந்த அறையில் நாற்காலியே கிடையாது என்பதும், அவள் உட்கார இடம் கேட்கவே இல்லை என்பதும் வேறு விஷயம்.

ஒரு மாலை, கணவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“ஏங்க, நமக்கு இன்னொண்ணு இருந்தா என்ன?”

“இன்னொண்ணுன்னா?”

“குழந்தைங்க.”

கணவர் ஊசியைக் கீழே வைத்தார். “உனக்கு நாப்பத்தொண்ணு. எனக்கு முதுகு நிமிரல. பொத்தானே ஒழுங்கா தைக்க முடியல.”

“சட்டப்படி எடுக்க மாட்டாங்க.”

 கணவர் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் பாதியிலேயே கண் கலங்கி எழுந்து போனாள். ஒரு வயிற்றைக் குடை மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததே தவிர பொறாமை போகவில்லை.

மாதக் கடைசியில் சின்னமூக்கு நாலு நாள் விடுப்பு எடுத்தாள். காய்ச்சல் என்று தகவல் வந்தது. திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஆனால் மேசையில் உட்கார்ந்ததும் பழைய சின்னமூக்கு ஆகிவிட்டாள். மல்லிகைப் பட்டையைச் சாதாரணமாக எடுத்தாள், முகர்ந்தாள், வைத்தாள். ஓடவில்லை. கண்ணியை ஒரே மூச்சில் பிடித்தாள். அதே கண்ணியைத்தான் பெரியமூக்கு சற்று முன் விட்டிருந்தாள்.

பெரியமூக்குக்குக் காதில் புகை வந்தது. மூக்கும் சரியாகிவிட்டது, வயிறும் இருக்கிறது, மெத்தையும் இருக்கிறது. ஒருத்திக்கு எல்லாமும் எப்படி? அப்படியென்றால் இத்தனை நாள் ஓடியதெல்லாம் நடிப்பா? யோசிக்க யோசிக்க அது நடிப்பாகவே தெரிந்தது. மூக்குக்கு மேல் கோபம் வந்தவளாக நேரே தராசின் அறைக்குப் போனாள்.

“சார், மசக்கைன்னு சொல்றதெல்லாம் சும்மா. மல்லிகைய மோந்துட்டு குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கா.”

“சீட்டு கொடுத்திருக்காங்களே.”

“சீட்டு யார் வேணா வாங்கலாம் சார். நீங்களே ஒரு தடவ வந்து உக்காந்து பாருங்க.”

தராசு நெற்றியைத் தடவினார். “ஒரு பக்கம் பார்த்தா இதெல்லாம் கேக்கக் கூடாது. இன்னொரு பக்கம் பார்த்தா, பொய்யின்னா சட்டம் காப்பாத்தாது. வெள்ளிக்கிழமை நானே வரேன். இந்த மாசத்தோட வருஷம் முடியுது, உங்க கடைசிக் கண்ணியையும் அன்னைக்கே பார்த்துடலாம். சந்தேகம் வந்தா புது சீட்டு கேக்கறேன்.”

பெரியமூக்கு திரும்பி நடந்தபோது கால் தரையில் பாவவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை அவள் வேலையைப் பார்க்கவில்லை, சின்னமூக்கைத்தான் பார்த்தாள். எப்படி நடிக்கிறாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை. சின்னமூக்கு ஒரு பட்டை, இரண்டு பட்டை, ஐந்து பட்டை முகர்ந்தாள். பிறகு கையை மடக்கினாள். முழங்கை மடிப்பில் மூக்கை வைத்தாள். வெறுப்போடு எடுக்கவில்லை. கண்ணை மூடி நிதானமாக மூச்சை இழுத்தாள். பிறகு அங்கிருந்து மூக்கை எடுக்கவே இல்லை. தோள் மட்டும் இலேசாக அசைந்தது.

பெரியமூக்கின் கையில் இருந்த பட்டை கீழே விழுந்தது.

தோலின் வாசனையை யாரும் நடிக்க முடியாது. மகள் வயிற்றில் இருந்தபோது அவளுக்கும் தன் கை அந்நியமாகத்தான் நாறியது. கடைசி நாள் வரைக்கும் அந்தக் கை வேறு யாரோடதோதான். திரும்பித் தன் கையாகிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிரசவ அறையில், பிள்ளை வெளியே வந்த பிறகு. சின்னமூக்கின் வயிற்றில் இன்னும் மேடுகூடத் தட்டவில்லை. அதற்குள் அவள் கை அவளுக்குத் திரும்பி வந்துவிட்டது. பூட்டு பழைய பூட்டாகிவிட்டது. வீட்டுக்குள் யாருமில்லை.

அது நாலு நாள் காய்ச்சல் இல்லை.

உடனே பரிதாபம் வந்தது என்று சொன்னால் அது பொய். முதலில் வந்தது சந்தோஷம். அப்பட்டமான, கூச்சமில்லாத சந்தோஷம். குடை பறந்துவிட்டது, இனி இவளும் நனைவாள் என்ற சந்தோஷம். அதற்குப் பிறகுதான் அந்த மெத்தை கண்ணில் பட்டது. கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த எலுமிச்சம்பழமும் கண்ணில் பட்டது. உணவுக்கூடத்தில் இன்றைக்கும் கிண்ணம் எடுத்து வைத்திருப்பார்கள். இவள் வாங்கிச் சாப்பிடுவாள். எல்லோரும் எத்தனை மாசம் என்று கேட்பார்கள். இவள் சொல்வாள்.

சின்னமூக்கு தலையைத் தூக்கினாள். இருவர் கண்களும் சந்தித்தன. தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. சின்னமூக்கு அடுத்த பட்டையை எடுத்துக்கொண்டாள். 

வெள்ளிக்கிழமை தராசு ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தார். புட்டிகளைத் திறந்து பட்டைகளைத் தானே நனைத்தார். மனிதருக்குப் பழக்கமில்லாத வேலை. தேவதாருப் புட்டி சாய்ந்து மேசையில் கொஞ்சம் சிந்தியது. துணியால் துடைத்து, “ஆரம்பிங்க” என்றார்.

அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று சின்னமூக்குக்குப் புரிந்துவிட்டது. முதல் பட்டையை எடுத்ததுமே முகத்தைச் சுளித்தாள். இரண்டாவதை எடுத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு உவ்வே என்று மேசையில் குனிந்தாள். பாவம், பதற்றத்தில் எந்தப் பட்டை என்று பார்க்கவில்லை. மல்லிகை அடுத்த வரிசையில் இருந்தது. அவள் குமட்டியது எலுமிச்சைக்கு.

தராசு முன்னால் சாய்ந்தார். “எலுமிச்சையா? அது உங்களுக்கு ஒத்துக்குமே. நானே ஒரு பழம் கொடுத்தேனே.”

 சின்னமூக்கின் வாயைப் பொத்திய கை அப்படியே நின்றது. கண் மட்டும் பெரியமூக்கின் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. நடப்பது நடக்கட்டும் என்று கழுத்தை நீட்டியவளின் பார்வை.

தராசும் பெரியமூக்கைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்க?”

‘நடிப்பு சார்’ என்றால் போதும். இரண்டே சொல். புது சீட்டு கேட்பார், சீட்டு வராது, பொய் சொன்னவள் போவாள், பாதி மூக்கு பிழைக்கும். பெரியமூக்கு அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் வாயைத் திறந்தாள்.

“வயித்துல இருக்கறப்ப அப்படித்தான் சார்” என்றாள். “நேத்து ஒத்துக்கிட்டது இன்னைக்கு ஒத்துக்காது. எனக்கு ஆறு வாரம் எலுமிச்சைதான் உயிரு. ஏழாவது வாரம் அதக் கண்டாலே ஓட்டம்.”

எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று அவளுக்கே விளங்கவில்லை.

“அப்ப அன்னைக்கு என்கிட்ட வந்து நடிப்புன்னு சொன்னீங்களே?”

சின்னமூக்கின் கை வாயிலிருந்து மெல்ல இறங்கியது. அறையில் ஒளிவதற்கு ஒரு மூலைகூட இல்லை. எல்லாம் வெள்ளை.

“பொறாமை சார். வேற என்ன” என்றாள் பெரியமூக்கு.

தராசு இருமினார். அவர் எடைபோடும் சங்கதிகளில் இது சேர்த்தியில்லை. சின்னமூக்கைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, மூன்று பட்டைகளைப் பெரியமூக்கின் முன்னால் நகர்த்தினார். அவள் முதல் பட்டையை முகர்ந்தாள். இரண்டாவது. மூன்றாவது. மேசைமேல் கைகளைக் கவிழ்த்துப் பரப்பிக் குனிந்து, மறுபடி முதலிலிருந்து வந்தாள். கையை மடக்கி மடிப்பில் மூக்கை வைத்தாள், மறுபடி முகர்ந்தாள். மூன்றும் ஒன்றுதான். மூன்றும் காகிதம்தான். நடுப் பட்டையைக் காட்டினாள். கடைசிப் பட்டையில்தான் தேவதாரு ஒரு துளி கூடுதலாக இருந்தது.

தராசு எழுந்து நின்றார். “மாசக் கடைசி வரைக்கும் வாங்க” என்றார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம் எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கை கழுவும் அறையில் சின்னமூக்கு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். பெரியமூக்கு குழாயைத் திறந்தாள், மூடினாள்.

“நான் போய் உண்மையச் சொல்லிடறேன் அக்கா.”

“இப்ப சொன்னா பொய் சொன்னதுக்கு நீ போவ, கூட நின்னதுக்கு நானும் இன்னைக்கே போவேன். வாய மூடிக்கிட்டு நான் சொல்றதக் கேளு. மாசக் கடைசி வரைக்கும் பொறு. நான் போனப்புறம் இங்க இருக்கறது ஒரே மூக்குதான். அது இல்லாம இவங்களால ஒரு சோப்பக்கூட வெளிய அனுப்ப முடியாது. அப்புறமா ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்து, இல்லாமப் போயிடுச்சுன்னு சொல்லு. உன்னத் தொட மாட்டாங்க.”

“எனக்காக எதுக்கு அக்கா?”

“உனக்காகன்னு யார் சொன்னா? எனக்கு இன்னும் உன்மேல எரிச்சல் தீரல.”

சின்னமூக்கு அவளை நிமிர்ந்து பார்த்தாள். “இப்ப என்கிட்ட என்ன இருக்குன்னு பொறாமைப்படறீங்க?”

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு உடைந்தது. நாலு நாள் விடுப்பிலும் அழுதாளோ இல்லையோ, இப்போது அழுதாள். பெரியமூக்கு கிட்டே போய் அவள் தலையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் இரண்டு கையாலும் இவள் கையைப் பற்றி, இவள் முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடத்தில் அந்த இடத்துக்கு அவள் மூக்கைத் தவிர வேறு மூக்கு வந்ததில்லை. நெடுநேரம் கழித்து அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி அடங்கியது.

“அக்கா” என்றாள் சின்னமூக்கு, முகத்தை எடுக்காமலே. “உங்க கையெல்லாம் தேவதாரு.”

“என்னது?”

“அவர் மேசையில கொட்டினது. மடிப்பு பூரா இருக்கு. அடிக்குது. உங்களுக்குத் தெரியலயா?”

பெரியமூக்கு கையை விடுவித்துக்கொண்டு தன் முழங்கை மடிப்பை முகர்ந்தாள். கண்ணை மூடி, முழு மூச்சையும் இழுத்து, மறுபடி முகர்ந்தாள். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது எதிரில் சின்னமூக்கு, அழுது சிவந்த மூக்கோடு நின்றிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்கப் பெரியமூக்குக்குப் பொறாமையாக இருந்தது.